ஏரிக்கரையில் இரண்டு அக்காக்கள்

"மெதுவாப் போங்கக்கா. ஏரி எங்கயும் ஓடிப் போயிடாது."

தையல்காரி பெரியக்காவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ராத்திரி பெய்த மழையில் ஏரியைச் சுற்றிய பாதை முழுக்க வழுக்கியது. எதிரே இருந்த மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் போயிருந்தது.

"முட்டி வலி உயிர் போகுதுடி. நீ பிடிச்சாத்தான் அடியே எடுத்து வைக்க முடியுது."

"அப்ப திரும்பிடலாம். வீட்டு ஜன்னல்லயே ஏரி நல்லாத் தெரியுதே."

"ஜன்னல்ல பாக்கறதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்? அந்தப் படகுத்துறை வரைக்கும் போயிட்டு வந்துடலாம்."

படகுத்துறை வந்ததும், பைன் மரங்கள் வரைக்கும் என்றாள். பைன் மரங்கள் வந்ததும், இவ்வளவு தூரம் வந்தாச்சு, சுற்றியே போய்விடலாம் என்றாள். முட்டி வலிக்காரிக்கு இந்த ஆசை ஆகாது என்று தையல்காரி மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள்.

பெரியக்காவும் கண்ணாடியக்காவும் அவளுக்குக் கூடப்பிறந்த அக்காக்கள் இல்லை. இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. ஒரே இடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். என்றைக்கோ திரைச்சீலை தைக்கக் கொடுக்க அவள் கடைக்கு வந்தார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசிப் பேசியே தோழிகள் ஆகிவிட்டார்கள். அம்மா என்று கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதனால் அக்கா.

இந்தப் பயணத்துக்கு வர அவளுக்குத் துளியும் மனசில்லை. கணவன் இறந்துபோனதிலிருந்து கடையைக்கூடத் திறக்காமல் கிடந்தவளை, "நீ துணைக்கு வந்தாத்தான் எங்க பிள்ளைங்க எங்களை விடுவாங்க" என்று கெஞ்சிக் கூத்தாடி இழுத்து வந்துவிட்டார்கள். இப்போது இருவரில் ஒருத்தி விழுந்து வைத்தாலும் அந்தப் பிள்ளைகளுக்கு அவள்தான் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பயத்தில் அவள் கண் இருவர் மேலேயே இருந்தது.

மத்தியானம் கண்ணாடியக்காவின் முறை. பெரியக்கா நடந்த களைப்பென்று தன் அறையில் போய்ப் படுத்துவிட்டாள்.

"நீயும் தட்டைப் போட்டு உக்காரு. தனியாச் சாப்பிட்டா எனக்குத் தொண்டையில இறங்காது."

"எனக்குப் பசியில்லக்கா."

"அப்ப எனக்கும் வேண்டாம்." கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"மாத்திரை போடணுமேக்கா. வெறும் வயித்துல போட்டா மயக்கம் வராதா?"

"வரட்டும். விழுந்தா நீதானே தூக்கப் போற."

என்ன செய்வது? கிழவியின் பிடிவாதத்துக்காக அவளும் சாப்பிட்டாள். சூப், ரொட்டி, அதோடு விடாமல் முட்டை வேறு.

கை கழுவும்போது தம்பி போன் செய்தான். "எப்படி இருக்கக்கா?"

"எனக்கென்னடா? இவங்களைக் கேளு. சின்னக் குழந்தைங்களை மேய்க்கிற மாதிரி இருக்கு. மூச்சு விட நேரமில்ல."

"முடியலைன்னா சொல்லு. நாளைக்கே வந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்."

"நான் வந்துட்டா இவங்களை யாருடா பாக்கறது? அதெல்லாம் வேண்டாம்."

போனை வைப்பதற்குள் உள்ளேயிருந்து கண்ணாடியக்காவின் குரல் வந்தது. "டெய்லர், இங்க வா. புது இடம், தனியாப் படுக்கப் பயமா இருக்கு. பக்கத்துல சும்மா சாஞ்சுக்கோ. நான் தூங்கினதும் எழுந்து போ."

தையல்காரி கட்டிலின் மறுபக்கம் சாய்ந்தாள். வெளியே யாரோ படகைத் துடுப்புப் போட்டு மெல்ல ஓட்டிப் போனார்கள். கண்ணாடியக்கா தன் சித்தி வீட்டுக் கல்யாணத்தில் சமையல்காரர் கோபித்துக்கொண்டு போன கதையை ஆதியோடந்தமாக ஆரம்பித்தாள். சமையல்காரர் இன்னும் வாசலைக்கூடத் தாண்டவில்லை.

விழித்தபோது அறை மங்கியிருந்தது. வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. பக்கத்தில் கட்டில் காலி.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரியக்காவின் அறையிலும் ஆளில்லை. தண்ணீர்ப் பக்கம் போயிருந்தால்? அந்த முட்டியை வைத்துக்கொண்டு ஈரப் படியில் கால் வைத்திருந்தால்? செருப்பைக்கூடத் தேடாமல் வாசலுக்கு ஓடியவள், சமையலறையில் பேச்சுக் குரல் கேட்டு நின்றாள். கதவு லேசாகத் திறந்திருந்தது.

உள்ளே பெரியக்கா, பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லாமல், நாற்காலி மேல் ஏறி நின்று பரணிலிருந்து கம்பளியை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"ம், சொல்லு," என்றாள் கீழே பார்க்காமலே.

கண்ணாடியக்கா ஏற்ற இறக்கமில்லாத குரலில் ஒப்பித்தாள். ஒரே வார்டில் ஒருத்தி பகலும் ஒருத்தி இரவுமாக, வருஷக்கணக்கில் நோயாளிகளைக் கைமாற்றிக் கொடுத்த நர்ஸின் குரல் அது.

"காலையில நடை, அது உனக்கே தெரியும். மத்தியானம் சாப்பாடு மிச்சம் வைக்கல. மாத்திரை இல்லாமயே அசந்து தூங்கறாங்க பேஷண்ட். புருஷன் போனதுக்கு இன்னும் ஒரு சொட்டு அழல, அது ஒண்ணுதான் பாக்கி. இனிமே உன் டூட்டி."

வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தும் தையல்காரியின் விசும்பல் கதவைத் தாண்டிப் போய்விட்டது.

உள்ளே பெரியக்கா நாற்காலியிலிருந்து இறங்கும் ஓசை கேட்டது.

"சரி, அதுவும் ஆச்சு," என்றாள் கண்ணாடியக்காவிடம். "நீ போய்ப் படு, நான் பாத்துக்கறேன்."