புன்னகை வாயில்

முத்துக்கரை உல்லாச நகரின் ஐந்து கடற்கரைகளிலும் வெளியேறும் வாயில் ஒரே மாதிரிதான். கடலைத் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தால்தான் கதவு திறக்கும். 'துயரமற்ற கடற்கரை' என்று அகில உலக விருது வாங்கிய ஊரிலிருந்து வாடிய முகத்தோடு எவரும் வெளியேறிவிட முடியாது. பொய்ச் சிரிப்பும் செல்லாது.

சங்கரபாண்டியன் மகனின் அஸ்தியைக் கரைத்து, முழுகி எழுந்து, சொட்டச் சொட்ட வாயிலுக்கு வந்தார்.

"திரும்பிச் சிரிங்க அண்ணாச்சி," என்றார் காவலாளி.

"அஸ்தி கரைச்சவன் திரும்பிப் பாக்கப்படாதுல்லா? பாத்தா பய போற எடத்துக்குப் போகாம என் பின்னாலயே வந்துருவான்."

"அது உங்க வீட்டுச் சட்டம். இது விருது வாங்குன சட்டம்லா."

பிற்பகல்வரை அவர் கடலுக்கு முதுகு காட்டியே நின்றார். ஈர வேட்டி உடம்பிலேயே காய்ந்தது. பின்னால் வந்தவர்கள் எல்லாம் திரும்பி, மனமாரச் சிரித்து, போய்க்கொண்டிருந்தார்கள்.

காவலாளிக்கு அலுத்துவிட்டது. "வந்தா வரட்டுமே அண்ணாச்சி! உங்க பிள்ளதான?"

சங்கரபாண்டியன் மெல்லத் திரும்பினார்.

"வாலே, வீட்டுக்குப் போவோம்," என்றார் கடலைப் பார்த்து.

முகம் மலர்ந்தது. கதவு உடனே திறந்தது. அந்த வாரத்தின் சிறந்த புன்னகை என்று அவர் படத்தை நகரெங்கும் பெரிதாக வைத்தார்கள்.