மணிக்கட்டுப் பட்டை

நாடகம் எழுத நல்கை, அதாவது உதவித்தொகை, பெற்றவர்கள் எழுதும்போது மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். எழுதுகிறவரின் நெஞ்சு படபடக்காத காட்சியை நல்கைக் குழு ஏற்பதில்லை. நாடித்துடிப்பு நூற்றுப்பத்தைத் தொட்டால் பட்டையில் பச்சை விளக்கு எரியும்.

பூங்கோதையின் நாடகம் நகர்ந்ததே கணவன் ரெங்கராஜ் போட்ட சண்டைகளால்தான். அவள் எழுத உட்காரும் நேரம் பார்த்து அவள் அண்ணனைத் திட்டுவான், பாத்திரத்தை விட்டெறிவான். விளக்கு எரிந்து அவள் எழுதி முடித்ததும், "சும்மாதான் கோதை" என்று சிரித்தபடி டீ போட்டு வருவான். பதினொரு காட்சிகள் அப்படித்தான் தேறின.

கடைசிக் காட்சியை நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும். மூன்றரை ஆகிவிட்டது. ரெங்கராஜ் தொண்டை கட்டும்வரை கத்தினான், ஒரு தட்டையும் உடைத்தான். அவன் நடிப்பெல்லாம் பழகிப்போன அவள் நெஞ்சு எழுபத்துநான்கிலேயே நின்றது.

"ஏங்க, நாலு வருசமா அலைஞ்சு வாங்கின நல்கைங்க. வேற ஏதாவது சொல்லுங்களேன்!"

அவன் உடைந்த துண்டுகளைப் பொறுக்கி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். குரலை உயர்த்தவில்லை.

"வேற வீடு பாத்துட்டேன் கோதை. எனக்கு மட்டும். ஒண்ணாந்தேதி போறேன்."

விளக்கு எரிந்தது. அவள் விரல்கள் பறந்தன. நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது குழு காட்சியை ஏற்றுக்கொண்டது.

"அப்பாடா! சும்மாதானே சொன்னீங்க?"

ரெங்கராஜ் சிரிக்கவில்லை. டீ போடவும் எழுந்திருக்கவில்லை.

"மொதல்ல அந்தப் பட்டையக் கழட்டு. பேசணும்."

பூங்கோதை கழற்றவில்லை. எழுதி முடித்த பிறகும் பச்சை விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.