மூணு டைல் ஜன்னல் பக்கம்

“அந்த முன்னங்காலை மட்டும் அசைக்காம, சோபாவைக் கால் வட்டம் திருப்புங்க,” என்றாள் மனைவி.

கிழிந்த பனியனோடு நின்ற கணவர் மூச்சைப் பிடித்துத் திருப்பினார். இந்த வீட்டில் சோபா நகர்ந்தால் மாமியார் வருகிறார் என்று அர்த்தம்.

“இப்ப திருப்பாம, அப்படியே மூணு டைல் ஜன்னல் பக்கம் தள்ளுங்க.”

“உங்க அம்மா ஒரு வாரம் தங்குறதுக்கா இந்தப் பாடு?”

“பேசாம தள்ளுங்க. டைல் கோட்டை விட்டு விலகுது பாருங்க!”

தள்ளினார், திருப்பினார், மறுபடி இழுத்தார். கடைசியில் சோபா கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றது. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்னடி இது, பழைய இடத்துக்கே வந்தாச்சு! உங்க அம்மாவுக்கு இதுதான் பிடிக்குமாமா?”

“அம்மா வர்றாங்கன்னு யார் சொன்னது?” என்றவள், அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்த லேப்டாப்பைப் பார்த்துப் பேசினாள்.

“கவனிச்சீங்களா பிள்ளைகளா? எவ்வளவு சுத்தினாலும், எங்கே நகர்த்தினாலும் வடிவம் மாறாது. சந்தேகம் இருக்கா?”

திரை நிறைய அவளது ஆன்லைன் கணக்கு வகுப்பு மாணவர்களின் முகங்கள். கணவர் அவசரமாகக் குஷனை எடுத்துக் கிழிசலை மறைத்தார்.

ஒரு மாணவி கையை உயர்த்தினாள்.

“சோபா அப்படியேதான் இருக்கு டீச்சர். சார்தான் வளைஞ்சுட்டாரு!”