மூன்றாவது சலாம்

மேஜை மேலிருந்த போன் வெட்டி வெட்டி அடித்ததும் ஹஃப்ஸா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

அது வழக்கமான மணி இல்லை. கீழே தெருக்கதவில் யாரோ பட்டனை அமுக்குகிறார்கள்.

பெஞ்சமின் அண்ணனாக இருக்காது. அவர் இப்போதுதான் வண்டியை எடுத்துக்கொண்டு உறையூர் பக்கம் போனார். காலையிலிருந்து மாடிக்கும் கீழுக்கும் ஒயர் இழுத்து, கதவில் பேசுகிற பெட்டியும் கரண்ட் பூட்டும் மாட்டி, இரண்டையும் ஆபீஸ் போனோடு சேர்த்தவர் அவர்தான். பெட்டியில் மட்டும் ஒரே கரகரப்பு. கீழே நின்று அவர் பேசிக் காட்டியபோது, வேறு யாரோ தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்தது.

"யாருன்னு கேட்டுட்டு போன்ல ஸ்டார் பட்டனை அமுக்கும்மா, பூட்டு விடும். உள்பக்கத்து சுவிட்ச் வாங்கிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் உள்ளேருந்து வெளிய போறதுக்கும் மேல ஒரு ஆள் அமுக்கணும், கீழ ஒரு ஆள் கதவைத் திறக்கணும். கல்யாணம் மாதிரிதான், தனியாளா ஒண்ணும் நடக்காது."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். இந்தப் பூட்டு யாருக்காக என்று அவருக்கும் தெரியும்.

எல்லாம் ரஃபீக்குக்காகத்தான். கட்டியவன். அவன் அடிக்கு பயந்துதான் அவள் காட்டூர் வீட்டை விட்டு வந்தாள். அவள் தங்கிய ஹாஸ்டலைக் கண்டுபிடித்து வந்து கதவை உதைத்தே பெயர்த்தான். அடுத்த தடவை முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதாகத் தெருவுக்கே கேட்கச் சொல்லிவிட்டுப் போனான். விஷயம் தெரிந்ததும் அவள் வேலை பார்க்கும் ஆடிட்டர் அருள்நாதன் சார் உடனே பெஞ்சமின் அண்ணனுக்கு போன் போட்டார்.

சார் இன்று இன்கம்டாக்ஸ் ஆபீஸுக்குப் போயிருந்தார். மாடியில் அவள் மட்டும்தான்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

இந்த ஆபீஸ் ரஃபீக்குக்குத் தெரியாது. அவள் அட்ரஸ் அனுப்பியது ஒரே ஒருவருக்குத்தான், மணப்பாறையில் இருக்கும் அத்தாவுக்கு, பெற்ற தகப்பனுக்கு. வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று கேட்டிருந்தாள். முன்பு அழுதபோது, புருஷன் வீட்டில் இருந்தால்தான் பொம்பளைக்கு மரியாதை என்று போனை வைத்தவர் அவர். அது தெரிந்தும் மனசு கேட்காமல் அனுப்பிவிட்டாள்.

அத்தாவிடமிருந்து பதிலே இல்லை. அட்ரஸை அப்படியே மருமகனிடம் கொடுத்திருப்பார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டாள்.

மணி நிற்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ரிசீவரை எடுத்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

கரகரப்புக்கு நடுவே ஓர் ஆண் குரல்.

வ அலைக்கும் ஸலாம் என்ற பதில் சலாம் பழக்கத்தில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். நாலு பேர் பார்க்கும் இடத்தில் ரஃபீக்கிடம் சலாமுக்குப் பஞ்சமே இருக்காது. இப்படிப்பட்ட மாப்பிள்ளை கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று ஜமாஅத்தே சொன்னது அந்தச் சலாமைக் கேட்டுத்தான்.

கீழே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகட்டும் என்று காத்திருந்ததுபோல அந்தக் குரல் மறுபடி வந்தது.

இரண்டாவது சலாம்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். இனி உதைப்பான். பூட்டு தாங்குமா? சாரைக் கூப்பிடலாம் என்றால் செல்போன் ஜன்னலோரம் சார்ஜில் கிடந்தது. நகர்ந்தால் மேலே ஆள் இருப்பது தெரிந்துவிடும் என்று பயந்தாள்.

நெடுநேரம் சத்தமில்லை.

மூன்றாவது சலாம் மெதுவாக வந்தது. கொஞ்சம் களைத்தும் வந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டு முதல் உதைக்காகக் காத்திருந்தாள்.

உதை விழவில்லை. ரிசீவரில் செருப்பு தரையில் உரசும் சத்தம். ஓரடி. இன்னோரடி. போகிறான். அல்லாஹ், போய்விட்டான்.

உயிர் வந்தது. உடனே குழப்பமும் வந்தது.

ரஃபீக் ஏன் போகிறான்? மூடிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போகிற ஜென்மமா அது?

மூன்று முறை சலாம் சொல். பதில் வராவிட்டால் முகம் கோணாமல் திரும்பு. மார்க்கம் சொல்லும் இந்த ஒழுங்கைச் சொந்தத் தம்பி வீட்டு வாசலில்கூட விடாத ஒரே ஒருவரைத்தான் அவளுக்குத் தெரியும். காட்டூருக்கும் ஒருமுறை அப்படித்தான் வந்தார். வாசலில் நின்று மூன்று சலாம் சொன்னார். உள்ளே அவள் இருந்தாள். உதடு கிழிந்திருந்தது. மகள் வீட்டில் இல்லை என்று நினைத்து அடுத்த பஸ்ஸில் மணப்பாறைக்குத் திரும்பிப் போனார்.

அன்று அவள் வாயைப் பொத்தியிருந்தது ரஃபீக்கின் கை.

இன்று அவள் கை.

ரிசீவரில் செருப்புச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது.

"அத்தா!"

ஸ்டாரை அமுக்கினாள். கீழே பூட்டு டக்கென்று விட்டது. கதவைத் தள்ள அங்கே ஆளில்லை. கொஞ்ச நேரத்தில் தானாகப் பூட்டிக்கொண்டது.

ரிசீவரை அப்படியே தொங்க விட்டுவிட்டுப் படிகளில் விழுந்தடித்து ஓடினாள். கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். கதவு அசையவில்லை. திறக்கிற ஸ்டார் மாடியில் இருந்தது. உள்பக்கத்து சுவிட்ச் உறையூரில் இருந்தது.

இரண்டு கையாலும் கதவைத் தட்டினாள். தெரு திரும்பிப் பார்க்கும்படி, வ அலைக்கும் ஸலாம், வ அலைக்கும் ஸலாம் என்று கத்தினாள்.

மூன்று முறையோடு அவள் நிறுத்தவில்லை.