தொப்பை ஜன்னல்

"மூணு இடத்துல அளக்கணும் சார். மேல, நடுவுல, கீழ. இதுல எது கம்மியோ அதான் கண்ணாடி அளவு," என்றார் கண்ணாடி போடும் ஆபித் பாஷா, டேப்பை இழுத்துக்கொண்டே.

"நூல் அளவுகூட மாறக் கூடாது பாய். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஓனர் வர்றாரு," என்றான் இன்பராஜ்.

"மாறாது."

"அவரு கையால தடவிப் பாப்பாரு."

"பாக்கட்டும்."

ஆம்பூரில் இன்பராஜ் குடியிருந்த வீட்டுக்கு வழி சொல்வது சுலபம். முன்னறைச் சுவர் தெருப் பக்கம் வளைந்து வெளியே தள்ளியிருக்கும். அந்த வளைவு முழுக்க மரச்சட்டத்தில் ஏழு கண்ணாடிகள். வீட்டு ஓனர் சீனிவாசன் அதை 'பே விண்டோ' என்பார். தெருவில் அதன் பெயர் தொப்பை ஜன்னல்.

"எங்க அப்பா மெட்ராஸ்லேர்ந்து துணி சுத்தி எடுத்தாந்த கண்ணாடி. அம்பது வருஷமா ஒரு கீறல் கெடையாது," என்று சொல்லிக்கொண்டே மாதாமாதம் ஒன்றாம் தேதி வாணியம்பாடியிலிருந்து வந்து ஏழையும் தடவிப் பார்ப்பார். அதன் பிறகுதான் காபி. வாடகை ஒப்பந்தத்தில் குடியிருக்கும் மனிதர்களைப் பற்றி இரண்டு ஷரத்துகள், ஜன்னலைப் பற்றி ஐந்து. கண்ணாடி உடைந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது ஐந்தாவது.

நடுக்கண்ணாடி நேற்று உடைந்தது. இன்பராஜுக்கு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. தையல் கோணல் என்று தானே ஒதுக்கி, பிறகு தானே வீட்டுக்கு வாங்கி வந்த ஷூவை அவன் ஒரு பல்லியின் மேல் எறிந்தான். பல்லி நலம். ஷூவும் நலம்.

"எக்ஸ்போர்ட் குவாலிட்டி பாய்," என்று கேட்காமலே விளக்கினான்.

"தெரியுது சார்," என்றார் பாஷா, ஓட்டையைப் பார்த்தபடி.

சமையலறையிலிருந்து அவன் மனைவி மேகலா வந்து நின்றாள். "காலி பண்ணச் சொன்னா நான் போக மாட்டேன். நாலு வீடு மாறியாச்சி. எங்க போனாலும் போர்ல உப்புத் தண்ணி. இங்க வந்துதான் பருப்பு வேகுது, தலைமுடி தலையில நிக்குது. நீங்க வேணா அந்தப் பல்லியக் கூட்டிக்கினு போங்க."

"நான் இன்னா வேணும்னா ஒடச்சேன்?"

"குறி பாத்துதான எறிஞ்சீங்க?"

"பல்லியத்தான் குறி பாத்தேன்."

"அதான் சொல்றேன். உங்க கம்பெனி ஷூவெல்லாம் எப்படித்தான் பாஸ் பண்றீங்களோ."

பாஷா குடும்ப விவகாரத்தில் தலையிடவில்லை. மூலைக்கு மூலை டேப் பிடித்தார். அட்டையை மடக்கிச் சட்டத்தின் முக்கில் வைத்து, வளைவு திரும்பும் கோணத்தைக் கத்தரித்து எடுத்தார். அறுபத்தைந்து வயதுக் கை ஆடவில்லை. நடுக்கண்ணாடி முடிந்ததும் இடது ஓரத்துக்குப் போய் அங்கேயும் அளக்கத் தொடங்கினார்.

இன்பராஜ் பின்னாலேயே ஓடினான். "பாய், ஒடஞ்சது ஒண்ணுதான்."

"தெரியும் சார். மழைக்கு மரம் ஊதும். ஏழையும் ஒருவாட்டி பாத்து எழுதி வெச்சிக்கறேன்."

"எதுக்கு?"

"உதவும்."

மேகலாவின் கவலை வேறு பக்கம் திரும்பியது. "ஏன் பாய், அளவு சரியா இருந்தாலும் கலர் காட்டிக் குடுத்துடாதா? இதெல்லாம் அந்தக் காலத்துக் கண்ணாடி. புதுசு மட்டும் தனியா பளிச்சுனு தெரிஞ்சா அவரு வாசல்ல நிக்கறப்பவே கண்டுபுடிச்சிடுவாரு."

"மாட்டாரும்மா."

"எப்படிச் சொல்றீங்க?"

பாஷா டேப்பைச் சுருட்டினார். கொஞ்சம் யோசித்தார். பிறகு பையிலிருந்து தோல் அட்டை போட்ட பழைய நோட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

"இடது ஓரம், பேங்க் சார், தீபாவளி ராக்கெட். அதுக்கு அடுத்தது டீச்சரம்மா, கட்டில் நொழைக்கறப்ப. வலது ஓரம் உங்களுக்கு முந்தி இருந்த தமிழ்வேந்தன் சார். புருஷன் பொண்டாட்டி சண்ட. எது பறந்துச்சுன்னு சொல்லல, நானும் கேக்கல." பக்கத்தை மூடினார். "மிச்ச மூணும் அப்படித்தான். ஆறும் நான் போட்டதும்மா. எல்லாம் ஒண்ணாந்தேதிக்கு மொத நாள் வேலை."

மேகலா உட்கார்ந்துவிட்டாள். நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பு, அழுகை இரண்டும் ஒன்றாக வந்தன. ஆறு கண்ணாடியைத் தடவிக் கண்டுபிடிக்காதவர் ஏழாவதையா கண்டுபிடிக்கப் போகிறார்? காபிக்குப் பால் வாங்கினால் போதும்.

இன்பராஜுக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. "அப்ப அவரு அப்பா வாங்கினதுல மிச்சம் இருந்தது இந்த நடுக்கண்ணாடி ஒண்ணுதான். அதையும் நான் ஒடச்சிட்டேன். பாவம் பாய், பெரியவரு."

பாஷா நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி நீட்டினார்.

மை மங்கிய எழுத்தில் அங்கே இருந்தது: 'நடுக்கண்ணாடி. சீனிவாசன், காலேஜ் பையன். அப்பா மெட்ராஸ் போயிட்டுத் திரும்பறதுக்குள்ள மாத்தணும்.'