தீவின் முதல் மாணவி

"சாப்பிடு கண்ணு. தீவுலயே முதல் ஆளா வந்துட்டு, தட்டைப் பார்த்துட்டே உட்கார்ந்திருந்தா எப்படி?"

அலண்ட்ரா 'டான்டி' என்று அத்தை முறை வைத்துக் கூப்பிடும் எதலின், தேங்காய்ப்பாலில் வெந்த சீமைப்பலாவை இன்னொரு கரண்டி அள்ளி அவள் தட்டில் வைத்தார். கிரெனடா ரேடியோவில் காலையிலிருந்து அலண்ட்ராவின் பெயர்தான்.

பள்ளியின் கடைசி இரண்டு வருடம், ஆறாம் படிவத்தில், அவளும் எதலினின் மகள் கெரிஷாவும் ஒரே பெஞ்சு. முதலிடம் இந்த இருவரில் ஒருத்திக்குத்தான் என்று ஆசிரியர்களே சொல்லிவந்தார்கள். முதலில் வருகிறவளை அரசாங்கமே வெளிநாட்டுக்கு அனுப்பி டாக்டருக்குப் படிக்க வைக்கும். ஆனால் வேதியியல் செய்முறைத் தேர்வுக்குக் கெரிஷா வரவே இல்லை.

"எனக்கும் ஒண்ணு பொறந்திருக்கே, தூங்குமூஞ்சி," என்றார் எதலின். "அன்னிக்கு நான் சந்தைக்குப் போயிட்டேன். பரீட்சை நாளும் அதுவுமா தூங்கிட்டேம்மான்னு வந்து நிக்கறா. உன்னைப் பார்த்தாவது புத்தி வரட்டும்."

கெரிஷா சிரித்தபடி தட்டுகளை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். அலண்ட்ரா சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து அவள் பின்னாலேயே போனாள்.

ஜாதிக்காய் மரத்தடிக் குழாயில் கெரிஷா தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கெரி, நீ ஒண்ணும் தூங்கல."

"சரி, தூங்கல. அந்தத் தட்டை எடு."

"கேளுடி. முந்தின நாள் நீ பல்வலின்னு சீக்கிரம் போயிட்ட. புயல் வருது, மதியப் பரீட்சையைக் காலையிலயே வெச்சுடறோம், கெரிஷாகிட்ட சொல்லிடுன்னு சார் என்கிட்டதான் சொன்னார். உங்க வாசல் வரைக்கும் வந்தேன். கூப்பிடாம திரும்பிட்டேன்."

கெரிஷா நிமிரவில்லை.

"நீ மதியம் வந்து பார்த்துட்டு என் சட்டையைப் பிடிப்பேன்னு இருந்தேன். நீ கேக்கவே இல்ல. தூங்கிட்டேன்னு ஊரெல்லாம் சொல்ற. உங்கம்மா எனக்குச் சோறு போடறாங்க. என்னால முடியல, கெரி. ரெண்டு அடி அடிச்சுடு."

"நான் மதியம் வரல," என்றாள் கெரிஷா. "காலையிலயே வந்துட்டேன். லைப்ரரில உட்கார்ந்து படிக்கலாம்னு."



"அப்போ... பரீட்சை ஆரம்பிச்சிருந்ததா?"

"இல்ல. நேரம் இருந்தது. எல்லாரும் லேபுக்குப் போறதைப் பார்த்து நானும் கோட்டு மாட்டிட்டேன். சன்னல் வழியா உன்னைப் பார்த்தேன். நீ வாசலையே பார்த்துட்டிருந்த. என்னைத் தேடறேன்னுதான் முதல்ல நினைச்சேன்."

கெரிஷா குழாயை மூடினாள்.

"நான் வந்துடுவேனோன்னு அவ்வளவு பயம் உன் முகத்துல. உள்ள வர எனக்குக் கூசிப்போச்சு."