அவருடைய தேர்தல் விளம்பரம்

தேர்தல் விளம்பரம் வந்தால், டிவி தன்னைப் பார்ப்பவரின் முகத்தைப் படித்து, அவருக்கு எதில் அதிகப் பயமோ அதையே காட்டும். அடுத்தவர் விளம்பரத்தைப் பார்ப்பது நாகரிகமில்லை. அதனால் என் கணவர் பரணிதரனின் விளம்பரம் ஓடும்போதெல்லாம் நான் சமையலறைக்குப் போய்விடுவேன். கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். அவருக்கு என்னைப் பிடித்திருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் கூச்சம்.

நேற்று அவர் விளம்பரம் முடிவதற்குள் காபியோடு அவசரப்பட்டு வந்துவிட்டேன். திரையில் என்னைப் போலவே ஒருத்தி பெட்டியோடு பஸ் ஏறிக்கொண்டிருந்தாள். "எதிர்க்கட்சி ஜெயித்தால், அவள் அம்மா வீட்டுக்கே போய்விடுவாள்" என்றது ஒரு கனத்த குரல்.

அவர் பதறிப்போய் ரிமோட்டைத் தேடினார். அது அவர் மடியிலேயே இருந்தது.

"ஏங்க, தினமும் இதுக்கா பயப்படறீங்க?"

"சும்மா... கட்சிக்காரங்க கிளப்பிவிடறது."

"யார் ஜெயிச்சாலும் நான் போகமாட்டேன்."

அவர் காபியை வாங்கிக்கொண்டார். காது மட்டும் சிவந்திருந்தது.

அவருடைய அடுத்த விளம்பரம் தொடங்கியதும், பழக்கத்தில் எழுந்தேன்.

"பரவாயில்ல, இரு" என்றார்.

அதே குரல் மிரட்டியது: "எதிர்க்கட்சி ஜெயித்தால், வீடு முழுக்கப் பல்லி!"

"ஐயோ!" என்று அவர் இரண்டு கால்களையும் தூக்கி சோபாமேல் வைத்துக்கொண்டார்.